பூனையும் பல்லியும் ஒரே கூரையின் கீழ்: சேலத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

முன்பெல்லாம் சாயங்காலம் டியூப்லைட் போட்ட கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் முதல் பல்லி வந்துவிடும். அதற்கும் முன்னாலேயே எங்கள் பூனை பொட்டு தையல் மிஷின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அம்மாப்பேட்டையில் ஒரு காலத்தில் தறி ஓடிய பழைய ஓட்டு வீடு இது. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் இடையில் எத்தனை பல்லிக் குடும்பம் என்று கணக்கு கிடையாது. பொட்டு வந்த முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு மூன்று வால்கள் தரையில் துடித்துக் கிடக்கும். இப்போது மாதத்துக்கு ஒன்று என்றாலே அதிகம். இடையில் என்ன செய்தோம், எதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

பூனையைத் திட்டி இதை நிறுத்த முடியாது. மருந்து வைத்துப் பல்லியை ஒழிக்கவும் முடியாது. முயன்றால் முதலில் படுப்பது பூனைதான். இரண்டும் சந்திக்கிற இடத்தை அமைத்துக் கொடுத்திருப்பது நாம். சுவரில் ஒரு விளக்கு, அதற்கு நேர் கீழே ஏறி உட்கார ஒரு மேசை, அந்த நேரத்தில் வேலை வெட்டி இல்லாத ஒரு பூனை. இந்த மூன்றையும் மாற்றினால் போதும்.

படி 1: வீட்டில் இருப்பது யார் என்று பாருங்கள்

எல்லாவற்றையும் பல்லி என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் நடமாடும் நேரமும் இடமும் வேறு, அதனால் செய்ய வேண்டியதும் வேறு.

சுவரில், விளக்கடியில், இரவில் இருப்பது வீட்டுப் பல்லி. "ச்சிக் ச்சிக்" என்று கொட்டுவது இதுதான். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, பட்டாணி அளவில் வெள்ளையாக, படத்துக்குப் பின்னாலோ மீட்டர் பெட்டி இடுக்கிலோ வைத்திருக்கும். கண்ணுக்கு இமை இல்லாததால் நாக்கால் நக்கியே கண்ணைச் சுத்தம் செய்துகொள்ளும். சுவரில் ஒட்டுவது பசையாலும் இல்லை, உறிஞ்சுவதாலும் இல்லை. விரலடியில் இருக்கும் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் சுவரோடு நெருங்கும்போது உண்டாகும் ஈர்ப்புதான் அதைத் தாங்குகிறது.

வேலியில், முருங்கை மரத்தில், பகல் வெயிலில் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது ஓணான். எங்கள் பக்கம் ஒடக்கான் என்போம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத் தலையும் தொண்டையும் சிவந்துபோகும். அதைப் பார்த்துத்தான் ரத்தம் உறிஞ்சும் என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்தி வைத்தார்கள். அதெல்லாம் கதை. ஆனால் பூனை வளர்ப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: பல்லி மாதிரி ஓணான் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பாது. பூனை பிடித்தால் பெரும்பாலும் உயிர்தான் போகும்.

மூன்றாவது, பூந்தொட்டிக்கடியிலும் செங்கல் குவியலிலும் வழவழவென்று பளபளப்பாக ஓடும் அரணை. ஒரு வகை அரணைக்குக் குட்டிப் பருவத்தில் வால் நல்ல சிவப்பாக இருக்கும். அரணை கடித்தால் மரணம் என்று எங்கள் ஆயா இன்னமும் சொல்கிறார். "ஆயா, அதுக்கு விஷமே கிடையாது" என்றால், "நீ கடி வாங்கிப் பார்த்தியா கண்ணு?" என்று மடக்கிவிடுவார். இந்தியாவில் விஷமுள்ள பல்லியோ ஓணானோ அரணையோ எதுவும் இல்லை. உடும்புக்குட்டியைப் பார்த்து விஷப்பல்லி என்று அடிப்பவர்கள் உண்டு. உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிற உயிர், அடித்தால் சிறை.

படி 2: ஒரு வாரம் வேவு பாருங்கள்

உடனே எதையும் மாற்றாதீர்கள். வால் கிடக்கும் இடத்தையும் நேரத்தையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. ஏறக்குறைய எல்லா வேட்டையும் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில், ஒரே சுவரில், அந்தத் தையல் மிஷினுக்கு மேலே. மிச்சம் விடியற்காலையில், அடுப்படி ஜன்னலில். பூனையின் கண் மங்கிய வெளிச்சத்துக்கென்றே அமைந்தது. அந்தியும் விடியலும் அதன் வேட்டை நேரம். பல்லியும் அப்போதுதான் பொந்தைவிட்டு வருகிறது.

பூனையின் கண் அசைவைப் பிடிப்பதில் கில்லாடி. அசையாமல் இருக்கும் பல்லியை முன்னால் வைத்துக்கொண்டே தேடும். ஆகவே பல்லி எங்கே நிற்கிறது என்பதைவிட, எங்கே ஓடுகிறது, பூச்சியைப் பிடிக்க எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கவனியுங்கள். அந்த வழிதான் உங்கள் பிரச்சினை.

படி 3: விளக்கை மாற்றுங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பல்லிக்கு விளக்கு மேல் ஆசை இல்லை; விளக்குக்கு வரும் பூச்சி மேல்தான் ஆசை. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும், மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவாக வரும். நாங்கள் கூடத்து வெள்ளை டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் எல்இடி போட்டோம். எடுத்த வெள்ளை விளக்கை வீட்டுக்கு வெளியே, பூனை ஏற முடியாத பக்கச் சுவரில் நல்ல உயரத்தில் மாட்டினோம். சாயங்காலம் முதலில் வெளி விளக்கைப் போட்டு, அரை மணி கழித்துத்தான் உள்விளக்கு. பத்து நாளில் பல்லிகளில் பாதி வெளியே குடிபோய்விட்டன. ஒன்றையும் விரட்டவில்லை, சாப்பாட்டுக் கடையை இடம் மாற்றினோம், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் இரண்டு மூன்று நாள் மட்டும் உள்விளக்கையே அணைத்துவிட்டு, வெளியே அவர்கள் விருந்து முடியட்டும் என்று விட்டுவிடுவோம்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் பூச்சி உள்ளே வருவது இன்னும் குறையும். நைலான் வலை பூனை நகத்துக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. கம்பி வலையாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது உயரம். நல்ல பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்து அடி சாதாரணமாகத் தாவும். பீரோ, மேசை, தையல் மிஷின் எதுவாக இருந்தாலும் விளக்குச் சுவரைவிட்டு ஆறடியாவது தள்ளிப் போடுங்கள். எங்கள் மிஷினை எதிர்ச்சுவருக்கு மாற்றிய அன்று பொட்டு பழைய இடத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

பல்லிக்கு ஒளிய இடமும் வேண்டும். விளக்குக்கு ஓரடி பக்கத்தில், ஏழெட்டு அடி உயரத்தில், ஒரு மரச்சட்டத்தைச் சுவரோடு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடியுங்கள். பல்லி நுழையும், பூனையின் கை நுழையாது. இதே வேலையைச் செய்யும் சாமி படங்களைத் தாழ்வாக மாட்டியிருந்தால் மேலே ஏற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர், சுவிட்ச் பாக்ஸ் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடுங்கள். உள்ளே போகிற பல்லி ஷாக் அடித்துச் செத்து, போர்டையும் கெடுத்துவிடும்.

படி 4: பூனையின் சாயங்காலத்தை நிரப்புங்கள்

வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்பது தப்புக் கணக்கு. அசைவைக் கண்டால் பாய்வது பசியைச் சேர்ந்ததே அல்ல. ஆனால் என்ன சாப்பிடுகிறது, எப்படிப் பொழுது போகிறது என்பது வேட்டையைக் குறைக்கும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி கொடுத்த வீடுகளில், பூனை பிடித்துக்கொண்டு வரும் உயிர்கள் 36 சதவீதம் குறைந்தன. தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைவு. கழுத்தில் மணி கட்டியதில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. உருட்டி உருட்டித் தீனி எடுக்கிற பொம்மைப் பாத்திரம் வைத்த வீடுகளில் வேட்டை 33 சதவீதம் கூடியே போயிருக்கிறது! நானும் மணி கட்டிப் பார்த்தவன்தான். பொட்டு மூன்றே நாளில் மணி சத்தம் வராமல் நடக்கப் பழகிவிட்டது.

நம் வீடுகளில் பூனைக்கு விழுவது தயிர்சாதம். பூனை முழு இறைச்சி உண்ணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். மேட்டூர் டேம் மீன் வரும் நாளில் ஜிலேபி மீன் வாங்கி, உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுக்கிறோம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். மற்ற நாளில் கோழி, கூடவே கடையில் விற்கும் பூனைத் தீனி. அதில் டாரின் சேர்த்திருப்பார்கள்.

இனி நேரம். எங்கள் வீட்டு வரிசை இது: ஆறே காலுக்குக் குச்சி நுனியில் கட்டிய துணிக் கிழிசலோடு பத்து நிமிடம் ஓட்டம், கடைசியில் அதைப் "பிடிக்க" விட வேண்டும், பிடிக்காமலே முடிந்தால் மிச்ச ஆத்திரம் பல்லி மேல் போகும். பிறகு உடனே சாப்பாடு. சாப்பிட்ட பூனை நக்கித் துடைத்துக்கொண்டு தூங்கப் போகும். அதற்கப்புறம் வீட்டு விளக்கு. விடியற்கால வேட்டைக்கு வேறு வழி இல்லை. இரவு அடுப்படிக் கதவைச் சாத்திவிடுங்கள்.

தறி வீடு, தையல் வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. நூலும் ஜரிகையும் பூனைக்கு விளையாட்டுப் பொருளே அல்ல. விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

படி 5: பல்லி விரட்டும் வைத்தியங்களை வீட்டைவிட்டு விரட்டுங்கள்

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பொட்டு வந்த புதிதில், பல்லியே இல்லாவிட்டால் வேட்டையும் இருக்காதே என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, படங்களுக்குப் பின்னால் அந்துருண்டை போட்டு வைத்தேன். பல்லி பக்கத்துச் சுவருக்குப் போனதோடு சரி. ஒரு உருண்டை கீழே விழுந்தது. பொட்டு அதைப் பந்து மாதிரி உருட்டி விளையாடி, நக்கியும் இருக்கிறது. ராத்திரி வாந்தி, காலையில் ஈறு வெளுத்துக் கிடந்தது. முதலில் காட்டிய இடத்தில் "சூடு, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது டாக்டர்தான் "அந்துருண்டை வைத்தீர்களா?" என்று கேட்டார். நாப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஐந்து நாள் சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தது.

அன்றிலிருந்து வீட்டில் சேர்க்காதவை: அந்துருண்டை, புகையிலையும் காபித் தூளும் பிசைந்து வைக்கும் உருண்டை, ஏனென்றால் நிகோடினும் கஃபீனும் பூனைக்கு நஞ்சு, பினாயில், இதிலுள்ள பீனால் வகை ரசாயனத்தைப் பூனையின் ஈரல் நம் ஈரல்போல வெளியேற்றாது, துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும், பெர்மெத்ரின் கலந்த பூச்சி மருந்து, நாய்க்கு உண்ணி போக ஊற்றும் மருந்தில்கூட இது இருக்கும், அதைப் பூனை மேல் விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும்.

பசை அட்டை இன்னும் மோசம். பல்லி தோல் உரிந்து சாகும், பூனைக் காலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் இழுக்காமல் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து மெல்ல எடுங்கள். பூனையாக இருந்தால் பிறகு குழந்தை சோப்பால் அலசி விடுங்கள்.

முட்டை ஓடு தொங்கவிடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மயிலிறகு வைத்தால் பூனைக்கு இலவசமாக ஒரு பொம்மை.

படி 6: வாயில் பிடித்துவிட்டால்

கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். துரத்தினால் கட்டிலடியில் கொண்டுபோய் விழுங்கிவிடும். அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தீனி பாக்கெட்டைச் சரசரவென்று ஆட்டுங்கள். பெரும்பாலும் வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு வரும். பூனையைத் தூக்கி அடுத்த அறையில் விட்டுவிட்டு, பல்லி மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் தினசரிக் காலண்டர் அட்டையை நுழையுங்கள். அப்படியே தூக்கிப் போகலாம். கையால் பிடித்தால் மெல்லிய தோல் கிழியும், வாலும் கழன்றுவிடும்.

துடிக்கும் வாலைப் பார்த்துக் குழந்தைகள் அழும். முதுகெலும்பில் ஏற்கெனவே இருக்கும் பலவீனக் கோட்டில்தான் அது கழல்கிறது, பூனையின் கவனத்தைத் திருப்பத்தான் துடிக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். சில மாதங்களில் புது வால் வளரும். ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான். வாலில் சேர்த்து வைத்த கொழுப்பும் போய்விடுவதால் அந்தப் பல்லி கொஞ்ச நாள் பலவீனமாக இருக்கும். கண்ட இடத்தில் விடாமல் அதே காம்பவுண்டுக்குள் நிழலான, உயரமான இடுக்கில் விடுங்கள். சித்திரை வெயிலில் சேலத்து சிமென்ட் சுவரில் மதியம் விட்டால் சுட்டே செத்துவிடும்.

இரவில் பூனை எதையோ மூலையில் மறித்து வைத்திருந்தால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி நிறைய உள்ள வீட்டுக்குப் பல்லி தின்ன வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமற்ற பாம்பு வரும், சுவரே ஏறும். ஆனால் அச்சு அசலாகக் கட்டுவிரியன் போலவே பட்டை போட்டிருக்கும். இரண்டில் எது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பூனையை வேறு அறையில் அடைத்துவிட்டு 101க்கு அழைத்துத் தீயணைப்பு வீரர்களை வரச் சொல்லுங்கள்.

படி 7: விழுங்கிவிட்டால் எதைக் கவனிப்பது

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் எச்சில் வடியும், ஒருமுறை வாந்தி எடுக்கும், முடிந்தது. வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், அதுவே ஆபத்து.

கெடுதல் மெதுவாகத்தான் வரும். வெப்பமண்டல நாடுகளில் பூனைகளுக்கு வரும் ஒரு ஈரல் தட்டைப்புழு உண்டு, பெயர் பிளாட்டினோசோமம். அதன் முட்டை முதலில் நத்தைக்குள் போகிறது. அங்கிருந்து, பூந்தொட்டி அடி ஈரத்தில் ஓடும் சாம்பல் நிறச் சிற்றுயிர்களுக்கு. அதைத் தின்ற பல்லிக்கு, பல்லியைத் தின்ற பூனைக்கு. பூனையின் பித்தக் குழாய்களில் தங்கி வளரும். ஒன்றிரண்டு இருந்தால் அடையாளமே தெரியாது. அதிகமானால் சாப்பாடு குறையும், உடல் இளைக்கும், அடிக்கடி வாந்தி, முற்றினால் காமாலை. காதின் உட்புறம், ஈறு, கண்ணின் வெள்ளை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றே டாக்டர். பூனை இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும் அப்படித்தான், குறிப்பாகக் குண்டுப் பூனை. பட்டினியில் ஈரலில் கொழுப்பு அடைத்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது "பல்லி தின்னும் பழக்கம் உண்டு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். வழக்கமான குடற்புழு மாத்திரையின் அளவு இந்தப் புழுவுக்குப் போதாது. அதிக அளவில், சில நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

நமக்கும் ஒன்று: பல்லி எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பல்லி விழுந்த சாம்பாரைக் கொட்டுவது சரிதான், ஆனால் காரணம் விஷம் இல்லை, இந்தக் கிருமி.

ஏற்காட்டில் வீடு இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் கீழே ஊருக்குள் உள்ளவர்களுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் கணக்கு தலைகீழ்.

சித்தப்பா வீடு காபித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே கருங்கல் சுவரிலும் பாறை இடுக்கிலும் பட்டப்பகலில் ஒரு சின்னப் பல்லி ஓடும். வீட்டுப் பல்லிபோல விரலடி அகன்று இருக்காது; விரல் குச்சி குச்சியாக இருக்கும். கண்ணில் பாவை கோடாக இல்லாமல் வட்டமாக இருக்கும். இவை பகல் பல்லி இனங்கள். இதில் ஒன்றுக்கு 2000ஆம் ஆண்டில் ஏற்காட்டின் பெயரையே வைத்தார்கள். 2019இல் இன்னொன்றுக்குச் சேர்வராயன் மலையின் பெயர். உலகத்தில் மிகச் சிறிய பரப்பில் மட்டும் வாழும் உயிர்கள் இவை. அம்மாப்பேட்டைச் சுவர்ப் பல்லி நான்கு செத்தால் நாற்பது வரும். இவை அப்படி அல்ல. மலைமேல் பூனையை வெளியே விடுவதில் நான் சமரசத்துக்குத் தயாரில்லை.

"எலி பிடிக்கத்தானடா பூனை வளர்க்கிறோம்?" என்றார் சித்தப்பா.

"எலி ராத்திரி குடோனுக்குள்ள வருது சித்தப்பா. பகல்ல பாறை மேல பூனைக்கு என்ன வேலை?"

அந்தப் பேச்சில்தான் முறை பிறந்தது. இரவில் பூனையைக் காபி மூட்டை குடோனில் விட்டுப் பூட்டிவிடுவது. காலை வெயில் ஏறியதிலிருந்து சாயங்காலம் வரை கம்பி வலை அடித்த தாழ்வாரத்தில். தாழ்வாரத்தில் ஏறி உட்கார இரண்டு பலகை, வெயில் படும் இடத்தில் ஒரு சாக்கு. முதல் வாரம் கத்தித் தீர்த்தது, பிறகு பழகிவிட்டது. கருத்தடையும் செய்துவிட்டார்கள், பெண் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும், அப்புறம் தோட்டம் முழுக்கக் காட்டுப் பூனையாகத் திரியும். வீட்டைச் சுற்றியுள்ள கல் கட்டின் இடுக்குகளைச் சிமென்ட் பூசி அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். பூனை வழக்கமாக உட்காரும் இரண்டு பாறைகளின் மேல் மட்டும் எலுமிச்சை முள் கிளைகளை வெட்டிப் போட்டு வைத்திருக்கிறார் சித்தப்பா. கிளை காய்ந்து முள் உதிர்ந்ததும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை.